நம்பிராஜனின் வலது கண்

செத்துப்போன மனிதனை ஒரு பென்சிலாலும் அரை சவர பிளேடாலும் உயிரோடு எழுப்பியவர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் பெயர் வெயிலுமுத்து. தாராவி மெயின் ரோட்டில் ஜெயினுலாப்தீன் பாயின் போட்டோ ஸ்டூடியோவில் டச்சிங் வேலை பார்த்தவர். எழுப்பப்பட்டவன் சும்மா எழவில்லை. சாயா வாங்கிக் குடித்து, சர்க்கரை பத்தவில்லை என்று குறையும் சொன்னான். தாராவி முழுக்க இதை நம்பியது. மாஹிமில் நம்பினார்கள். மாட்டுங்காவில் ஆபீஸ் போகும் குடும்பங்கள்கூடக் காபி ஆறும்வரை வாயைப் பிளந்து கேட்டுவிட்டு, நடந்திருக்கும் என்றுதான் தலையை ஆட்டின. நம்பாதவன் ஒருவன்தான். அவன் வேறு யாருமில்லை, செத்துப்போன நம்பிராஜனே.

டச்சிங் என்றால் சாதாரணம் இல்லை. கண்ணாடி பிளேட்டில் விழுந்த முகத்தை, காகிதத்தில் ஏற்றுவதற்கு முன் பென்சில் முனையால் திருத்துகிற வேலை. வெயிலுமுத்து அம்மைத் தழும்பு முகத்தைப் பளிங்காக்குவார். பல் போனவருக்குப் பல் கட்டுவார். அவர் வழுக்கையில் முடி நட்டுக்கொடுத்த போட்டோவைக் காட்டி இரண்டாந்தாரம் முடித்தவர்கள் செம்பூர் வரைக்கும் இருந்தார்கள். பெண் வீட்டார் முகூர்த்த நாளில் மாப்பிள்ளையின் தலையைப் பார்த்து மயங்கி விழுந்ததற்கு அவர் பொறுப்பில்லை.

பாகிஸ்தான் சண்டை முடிந்த மறுவருஷம். தோல் ஷாப்பில் வேலை பார்த்த நம்பிராஜனுக்குக் கப்பலில் எஞ்சினுக்கு எண்ணெய் போடும் வேலை கிடைத்தது. தாராவியிலிருந்த ஊர்க்காரர் சங்கத்தில் கடல் தாண்டப்போகும் முதல் ஆள். விடுவார்களா? நடுவில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, கழுத்து தெரியாமல் மாலை போட்டு, நெற்றி நிறைய விபூதி பூசி, சுற்றிலும் சங்கத்தார் நின்று குரூப் போட்டோ எடுத்தார்கள். "யாராவது சிரிச்சா அவன் தலையை மட்டும் படத்துல வெட்டிருவேன்" என்று ஜெயினுலாப்தீன் பாய் மிரட்டியதால் எல்லா முகமும் இறுகிக் கிடந்தது. பாய் லென்சு மூடியைத் திறந்த அந்த நொடியில், நெற்றியிலிருந்து ஒரு கட்டி விபூதி உதிர்ந்து நம்பிராஜனின் கண்ணில் விழுந்தது. அவன் இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டான். பாய் மூடியை வைத்த பிறகுதான் திறந்தான். துறைமுகத்துக்கு நேரமாகிவிட்டது என்று மாலையோடு ஓடினான். அன்றே கப்பல் கிளம்பிற்று.

வெயிலுமுத்து அன்றைக்கு மலேரியாக் காய்ச்சலில் மூன்று கம்பளிக்கு அடியில் கிடந்தார். அவர் நடுங்கிய நடுக்கத்தில் பக்கத்து வீட்டுப் பாத்திரங்கள் பரணிலிருந்து விழுந்தன என்பார்கள். சங்கச் செயலாளர் பூலோகம் அவசரக்காரர். டச்சிங் ஆகாத போட்டோவை வாங்கி, கடிதம் எழுத ஆள் கிடைக்காததால், "போட்டோ முன்னால போகட்டும், காகிதம் பின்னால போகட்டும்" என்று திருநெல்வேலிக்குத் தெற்கே இருக்கும் நம்பிராஜனின் ஊருக்குத் தபாலில் சேர்த்துவிட்டார்.

அங்கேதான் வினை. பம்பாயில் ஊர்க்காரர் ஒருவர் செத்தால், சொந்தக்காரர்கள் ரயிலேறி வந்து முகம் பார்ப்பதற்குள் உடம்பு தாங்காது. அதனால் உடம்பை நாற்காலியில் உட்காரவைத்து, விபூதி பூசி, மாலை போட்டு, சங்கத்தார் சுற்றி நின்று ஒரு போட்டோ எடுத்து அனுப்புவது வழக்கம். முதலில் போட்டோ போகும், பின்னால் காகிதம் போகும். அந்தப் பக்கத்துக் கிராமங்களில் இப்படியொரு படம் உறையிலிருந்து வெளியே வந்தால் யாரும் எதையும் படித்துச் சொல்ல வேண்டியதில்லை.

நம்பிராஜனின் மனைவி சண்முகவடிவு படத்தைப் பார்த்தாள். அவள் போட்ட சத்தத்தில் ஊர்க்குளத்து நாரைகள் எல்லாம் எழும்பி இலங்கைக்குப் போய்விட்டன.

விஷயம் தாராவிக்குத் தெரிந்ததும் பூலோகம் பதறிப்போய்த் தந்தி அடித்தார்: நம்பிராஜன் சுகம். அது நெருப்பில் ஊற்றிய எண்ணெய் ஆயிற்று. சுகமாக இருக்கிறவனுக்கு எவனாவது காசு செலவழித்துத் தந்தி அடிப்பானா என்று ஊர்ப் பெரியவர்கள் கேட்டார்கள். பாவம், சங்கத்தார் மனசு கேட்காமல் மறைக்கிறார்கள் என்று முடிவு கட்டினார்கள். அடுத்தது தாலி அறுப்பு.

தடுத்தவன் சண்முகவடிவின் அண்ணன் இசக்கிப்பாண்டி. நான் பம்பாய்க்குப் போய் நேரில் விசாரித்து வருகிறேன், அதுவரை என் தங்கச்சி கழுத்தில் யாரும் கை வைக்கக் கூடாது என்று நடுத்தெருவில் அரிவாளை ஊன்றி வைத்துவிட்டு வந்தான். பெரியவர்கள் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் அவன் வெறுங்கையோடு திரும்பினால் அன்றைக்கே காரியம் முடிந்துவிடும்.

அவன் தாராவியில் வந்து இறங்கியபோது அவனுக்கே நம்பிக்கை இல்லை. சாம்பலையாவது கொடுங்கள் என்றுதான் கேட்டான். கப்பல் ஆபீசுக்குக் கூட்டிப்போய் நம்பிராஜன் பெயரை எழுதியிருந்த காகிதத்தைக் காட்டினார்கள். செத்தவன் பெயரையும் இப்படித்தான் எழுதுவார்கள் என்றான். கப்பலோ நடுக்கடலில். கடைசியில், பூலோகமும் சங்கத்தாரும் அவனை ஸ்டூடியோவுக்குக் கூட்டிவந்தார்கள். மத்தியான வண்டிக்கு அவன் தாதரில் ஏறியாக வேண்டும். அன்றுதான் வெயிலுமுத்து காய்ச்சல் விட்டு வேலைக்கு வந்திருந்தார்.

இசக்கிப்பாண்டி மடியிலிருந்து அந்தப் போட்டோவை எடுத்து மேசையில் வைத்தான். வெயிலுமுத்து முதல்முறையாக அதைப் பார்த்தார். அவர் கை படாமல் அந்த ஸ்டூடியோவிலிருந்து வெளியேறிய ஒரே படம். பச்சைப் பிணம்தான். சந்தேகமே இல்லை.

பூலோகம் அம்மன்மேல் சத்தியம் செய்ய வாயெடுத்தார். இசக்கிப்பாண்டி கையை உயர்த்தித் தடுத்தான்.

"சத்தியம் பண்ணாதிய அண்ணாச்சி. இந்த மாதிரி நேரத்துல நல்லவங்கதான் பொய்ச்சத்தியம் பண்ணுவாங்க. அப்பன் செத்தா மகனுக்கு நாமளும், 'காய்ச்சல், கெளம்பி வா'ன்னுதான தந்தி அடிக்கோம்."

கப்பல் திரும்பியதும் நல்லதாக ஒரு போட்டோ எடுத்து அனுப்புகிறோம் என்று பாய் சொல்லிப்பார்த்தார்.

"அதுக்குள்ள என் தங்கச்சிக்கு எல்லாம் முடிஞ்சிரும். வேற எந்தப் போட்டோவக் காட்டினாலும் சாவுக்கு முந்தி எடுத்ததும்பாங்க." இசக்கிப்பாண்டி படத்தின்மேல் விரலை வைத்தான். "இதே மால, இதே நாக்காலி, சுத்தி நிக்க இதே ஆளுக. இதுல அவன் கண்ணு தெறந்திருக்கணும். அப்பத்தான் ஊரு நம்பும்."

வெளியே ரோட்டில் போன தள்ளுவண்டிக்காரன்கூடக் கூவுவதை நிறுத்திக்கொண்டான்.

"அடுத்த பிளேட்டுல தெறந்திருக்கு" என்றார் வெயிலுமுத்து.

சொன்ன பிறகுதான், சொன்னது தாம் என்று அவருக்குத் தெரிந்தது. இன்னும் கழுவவில்லை, உட்காருங்கள், வண்டிக்கு முன்னால் கையில் தருகிறேன் என்று மேலும் இரண்டு பொய்களை அதன்மேல் அடுக்கிவிட்டுத் திரைக்குப் பின்னால் போனார். பின்னாலேயே பாய் வந்தார்.

"எந்த அடுத்த பிளேட்டு வே? நான் பெத்தது ஒண்ணே ஒண்ணு."

"அந்த ஒண்ணை எடும் பாய்."

சாய்வு மேசையில், வெளிச்சத்துக்கு எதிரே பிளேட்டை நிறுத்தி, பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். நம்பிராஜன் தலை புளியங்கொட்டை அளவு. கண் இருக்க வேண்டிய இடம் எள்ளில் பாதி. பிளேட்டில் எல்லாம் தலைகீழ் நியாயம். வெள்ளையானது கறுப்பாக இருக்கும், கறுப்பானது வெளுத்திருக்கும். கண்ணின் வெண்மையைப் பென்சிலால் ஏற்றிவிடலாம். தவறினால் துடைத்துவிட்டு மறுபடி ஏற்றலாம். ஆனால் கருவிழியை வரைய முடியாது. அங்கே பிளேட்டின் முலாமை பிளேடு முனையால் சுரண்டி எடுக்க வேண்டும். ஒரு மயிரிழை கூடினால் கண்ணாடி தெரிந்துவிடும், முகத்தில் ஓட்டை விழுந்துவிடும். சுரண்டியதைத் திருப்பி ஒட்ட எந்த சாமியாலும் ஆகாது. வேறு பிளேட்டும் கிடையாது.

அதைவிடப் பெரிய இடி ஒன்று அப்போதுதான் இறங்கியது. வெயிலுமுத்து நம்பிராஜனைப் பார்த்ததே இல்லை. யார் கண்ணை வரைவது?

"நீரு பாத்தீரே பாய், எப்படியிருக்கும் கண்ணு?"

"நான் எங்க பாத்தேன்? கறுப்புத் துணிக்குள்ள எல்லாவனும் தலைகீழாத்தான் தொங்குவான். எனக்கு எல்லாரும் வௌவாலுதான்."

பூலோகத்தைச் சாடை காட்டி உள்ளே அழைத்துக் கேட்டார்கள். அவர் வெகுநேரம் யோசித்தார். ஒரே அறையில் நம்பிராஜனோடு வருஷக்கணக்காகப் படுத்தெழுந்தவர். "கண்ணு மாதிரிதான் இருக்கும்" என்றார்.

பொத்தாம்பொதுவாக ஒரு கண்ணை வைத்துவிடலாம். சங்கத்தார் ஏமாறுவார்கள், ஊர்க்குளத்து நாரைகள்கூட ஏமாறும். பெண்டாட்டி ஏமாறமாட்டாள். அவளுக்கு முன்னால், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவன் ஏமாறமாட்டான். ஒரு கண் பிசகினால், பொய் சொன்னார்கள் என்பது உறுதியாகும். நம்பிராஜன் செத்ததும் உறுதியாகும்.

வெயிலுமுத்து திரையை விலக்கி வெளியே வந்தார். கைகளைத் துண்டில் துடைத்துக்கொண்டே, கவலையே இல்லாதவர் போல இசக்கிப்பாண்டியிடம் பேச்சுக் கொடுத்தார். மாப்பிள்ளை நல்ல களையான ஆளாமே, கண்ணைப் பார்த்தாலே கும்பிடத் தோன்றுமாமே, சங்கத்தில் சொன்னார்கள் என்றார்.

இசக்கிப்பாண்டி நிமிர்ந்தான். துக்கத்தை மீறிக்கொண்டு அவன் முகத்தில் ஒரு பழைய கோபம் ஏறியது.

"எவன் சொன்னான்? அவன் வலது கண்ணு பாதி சாத்துன கடைக்கதவு மாதிரி கெடக்கும். பொண்ணு பாக்க வந்தன்னிக்கே எங்க அய்யாட்ட சொன்னேன், அரைக்கண்ணன் வேண்டாம்னு."

"ரெண்டும் அப்படியா?"

"இடது கண்ணு நல்லா முழிச்சுக்கிட்டு இருக்கும். ஆந்த தோத்துரும். அதுலயும் நேரா பாக்கமாட்டான். நம்ம காதைப் பாத்துத்தான் பேசுவான். கடன் வாங்குனவன் மாதிரி."

வெயிலுமுத்து ஒவ்வொன்றையும் மனசுக்குள் வாங்கிப் போட்டுக்கொண்டார். அப்படிப்பட்டவனுக்கா தங்கையைக் கொடுத்தீர்கள் என்று இன்னும் கொஞ்சம் சீண்டினார்.

"நான் எங்க குடுத்தேன்? அவதான் கதவுக்குப் பின்னால நின்னு சொன்னா. 'அந்த அரைக்கண்ணுதாம்ணே எனக்குப் புடிச்சிருக்கு'ன்னா." சொல்லிவிட்டு இசக்கிப்பாண்டி தலையைக் குனிந்துகொண்டான். தோளில் கிடந்த துண்டு குலுங்கியது. வெயிலுமுத்துவுக்கு அங்கே நிற்க முடியவில்லை.

உள்ளே வந்து, பென்சிலை உப்புத்தாளில் தீட்டினார். அந்த முனையால் கொசுவுக்கு அம்மை குத்தலாம். இடது கண்ணின் வெண்மையை ஏற்றினார். மூச்சை விட்டார். வலது கண்ணில், மேல் இமையைப் பாதிவரை அப்படியே விட்டு, கீழே கீற்றாக ஏற்றினார். பிறகு பிளேடை எடுத்தார். காய்ச்சலில் பட்டினி கிடந்த உடம்பு. இடது கையால் வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முழுசாகத் திறந்த கண்ணில் கருவிழியை வைக்க பிளேடை இறக்கப்போனவர், அப்படியே நின்றுவிட்டார்.

முலாம் பூசிய பக்கம் அல்லவா மேலே இருக்கிறது? முகம் பார்க்கும் கண்ணாடியில் தெரிவதுபோல இடமும் வலமும் மாறியிருக்கும். இத்தனை வருஷத்தில் மருவையும் தழும்பையும் எடுத்தவருக்கு எந்தப் பக்கம் என்ற கவலையே வந்ததில்லை. அரைக்கண்ணை இடதிலும், ஆந்தைக் கண்ணை வலதிலும் ஏற்றி வைத்திருந்தார்.

சுரண்டியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். பஞ்சில் தைலத்தைத் தொட்டு இரண்டு கண்ணையும் துடைத்தார். நம்பிராஜன் மறுபடி செத்தான். வெளியே பூலோகம், வண்டிக்கு நேரமாகிறது என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

இரண்டாவது முறை ஏற்றினார். இப்போது பிளேடு. முதல் சுரண்டல். தூசியைவிட மெல்லிய ஒரு துகள் எழும்பியது. ஊதக்கூடப் பயந்து, அது தானாகப் பறக்கட்டும் என்று காத்திருந்தார். இன்னொன்று. இடது கண் திறந்தது. வலது கண்ணில், இமைக்குக் கீழே ஒரு சின்ன நகக்கீறல் மாதிரி. நேரே பார்க்காமல், எதிராளியின் காதைப் பார்க்கிற அளவுக்குக் கருவிழியை ஒதுக்கி வைக்க வேண்டும். எள்ளில் பாதிக்குள் எங்கே ஒதுக்குவது? ஒதுக்கினார்.

அந்த நேரம் பார்த்துத் திரை அசைந்தது. "எவ்வளவு நேரம்யா கழுவுவீக?" இசக்கிப்பாண்டியின் கை திரை ஓரத்தைப் பிடித்திருந்தது. இன்னும் ஒரு சாண் விலகினால் பிளேடு, பென்சில், பஞ்சு எல்லாம் தெரிந்துவிடும். ஜெயினுலாப்தீன் பாய் தம்முடைய பெரிய உடம்பைத் திரையின்மேல் சாத்தினார். "வெளிச்சம் பட்டா உம்ம மாப்பிள்ளை கறுத்துப்போவாரு. அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது" என்றார். பிறகு கை விலகியது.

பிளேட்டைக் காகிதத்தில் ஏற்றி, மருந்துத் தட்டில் போட்டார்கள். சிவப்பு வெளிச்சத்தில் முதலில் மாலை வந்தது, பிறகு சங்கத்தாரின் மீசைகள் வந்தன, கடைசியாக நம்பிராஜன் வந்தான். வெயிலுமுத்து குனிந்து பார்த்தார். நன்றாக இருக்கிறதா என்று அவரால் சொல்ல முடியவில்லை. பார்த்தறியாத ஒரு மனிதன் எங்கேயோ ஓரமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஈரம் சொட்டச் சொட்டப் படத்தை வெளியே கொண்டுவந்து வைத்தார்கள். இசக்கிப்பாண்டி பழைய படத்தைப் பக்கத்தில் வைத்து, மாற்றி மாற்றிப் பார்த்தான். மாலையைப் பார்த்தான். நாற்காலிக் காலைப் பார்த்தான். பிறகு, எல்லாரையும் விட்டுவிட்டுப் படத்திலிருந்த பூலோகத்தின் வெள்ளைச் சட்டையில் வந்து நின்றான். சட்டைப்பைக்கு மேலே ஒரு கறுப்புப் புள்ளி.

"இது என்னது?"

ஈ. தோல் ஷாப் ஈ. பழைய படத்தில் எந்த இடத்தில் உட்கார்ந்திருந்ததோ, புதுப்படத்திலும் இம்மி பிசகாமல் அதே இடம், அதே இறக்கை. அடுத்தடுத்து எடுத்த இரண்டு படமானால் மனிதன் அசையாமல் இருப்பான்; ஈ இருக்குமா? எத்தனையோ மருவை எடுத்த வெயிலுமுத்து அந்த ஈயை எடுக்க மறந்திருந்தார். சங்கத்தார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அப்படிப் பார்ப்பதே காட்டிக்கொடுத்துவிடும் என்று தோன்றி, எல்லாரும் சுவரைப் பார்த்தார்கள்.

"தாராவி ஈ அண்ணாச்சி" என்றார் பாய். குரலில் ஒரு நடுக்கம்கூட இல்லை. "கையால விரட்டினாலே போகாது. போட்டோவுக்கா போகும்?"

இசக்கிப்பாண்டி சிரிக்கவில்லை. ஈயின் மேலிருந்த விரல் மெதுவாக நகர்ந்து நடு நாற்காலிக்கு வந்தது. படத்தை முகத்துக்கு அருகே தூக்கினான். பாதி சாத்திய வலது கண். முழித்துக்கொண்டிருக்கும் இடது கண். இரண்டும் அவன் காதுப் பக்கமாகப் பார்த்தன. அவனையறியாமல் தலையைக் கொஞ்சம் சாய்த்தான், அந்தப் பார்வைக்கு நேரே வருவதுபோல. வெயிலுமுத்து இசக்கிப்பாண்டியின் தாடையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அது முதலில் இறுகியது. பிறகு ஆடியது.

"அரைக்கண்ணுப் பயலே" என்றான் படத்தைப் பார்த்து. "உசிரோட இருந்துக்கிட்டால எங்களை இந்தப் பாடு படுத்துத?"

அதற்குமேல் திட்ட முடியாமல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். பூலோகம் அவனைத் தூக்கி நிறுத்தினார். ஈரப் படத்தை இரண்டு தமிழ்ப் பேப்பருக்கு நடுவே வைத்து, தாதருக்கு ஓடினார்கள். அந்த ஓட்டத்தில் லோக்கல் ரயில் ஒன்று அவர்களுக்குப் பின்னால்தான் ஸ்டேஷனுக்குள் நுழைந்ததாகக் கேள்வி. மதராஸ் வண்டியில் அவனை ஜன்னல் வழியாகத் தள்ளினார்கள்.

அடுத்த வாரம் ஊரிலிருந்து காகிதம் வந்தது. படம் ஊரெல்லாம் கைமாறி, கடைசியில் சண்முகவடிவின் கைக்குப் போனதாம். அவள் பார்த்தாளாம். நேராகப் போய் அடுப்பைப் பற்றவைத்து, அத்தனை நாளுக்குப் பிறகு உலை ஏற்றினாளாம். தாலியைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. வெயிலுமுத்து அன்றைக்கு ஸ்டூடியோ வாசலில் நின்று, செத்தவனை எழுப்பிய கதையை ரோட்டில் போன ஒவ்வொருவருக்கும் சொல்ல ஆரம்பித்தவர், பிறகு நிறுத்தவே இல்லை.

மறுவருஷம் கப்பல் திரும்பியது. நம்பிராஜன் தாராவிக்குள் நுழைந்தான். சாயாக்கடையில் கூட்டம் அவனைச் சூழ்ந்துகொண்டது. வெயிலுமுத்துவுக்கு அவன் கண்ணைப் பார்த்ததும் பெருமை தாங்கவில்லை. பாதி சாத்திய கடைக்கதவு, அச்சு அசல். நீ செத்தாய், நான்தான் உன்னை எழுப்பினேன் என்றார். நம்பிராஜன் அவர் காதைப் பார்த்துக்கொண்டே சாயாவை உறிஞ்சினான். சர்க்கரை பத்தவில்லை என்றான். செங்கடலில் எஞ்சின் ரூமில் வெந்துகொண்டிருந்தவனைச் செத்தான் என்று சொல்ல உங்களுக்கு வாய் கூசவில்லையா என்று கேட்டான். ஒரு போட்டோவைப் பார்த்து ஊரே அழுததாம், ஒரு போட்டோவைப் பார்த்து ஊரே எழுந்ததாம், காய்ச்சல் இன்னும் வெயிலு அண்ணாச்சிக்கு விடவில்லை என்று சிரித்துவிட்டு, அன்றைக்கே ஊருக்கு வண்டி ஏறினான்.

திரும்பி வந்தபோது அவன் சிரிப்பைக் காணவில்லை. சாயாக்கடை பெஞ்சில் வெயிலுமுத்துவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கூட்டம் தானாகக் கூடியது.

"பஸ்ஸ விட்டு எறங்கி நடக்கேன்" என்றான். "எதிரே துணிமூட்டையோட ஒருத்தன் வாரான். அவன் போட்டிருக்க சட்டை என் கல்யாணத்துக்கு நான் தச்ச பச்சைக் கட்டம் போட்ட சட்டை. செத்தவன் துணின்னு எங்க ஆத்தா மொதப் படம் வந்த அன்னிக்கே எடுத்துக் குடுத்திருக்கா. அவன் என்னயப் பாத்தான். ரெண்டாவது படம் அவன் கண்ணுல படவே இல்லியாம்; மூட்டையப் போட்டுட்டு ஓட்டம் எடுத்துட்டான்."

சாயாவை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, முதல்முறையாக வெயிலுமுத்துவை நேருக்கு நேர் பார்த்தான்.

"என் சட்டையே என்னயப் பாத்துப் பயந்து ஓடுது அண்ணாச்சி. நான் செத்துப்போனது நெசந்தான்."